பெரியண்ணன் எழுதாத கட்டுரைகள்

1

நான் ஜெர்மனிக்கு வந்திறங்கிய தேதி ஒவ்வொரு பிப்ரவரியிலும் வந்து போகும். அன்றைக்கு விசேஷமாக ஒன்றும் செய்வதில்லை. வழக்கம்போல டிராம் பிடித்து ஆய்வகத்துக்குப் போய், எலிக் கூண்டுகளைப் பார்த்துவிட்டு, காபியோடு உட்கார்ந்து மின்னஞ்சலைத் திறப்பேன். இந்த வருடம் அந்தத் தேதியில் ஒரு வாழ்த்து வந்திருந்தது. கட்டுரைகளைக் கணக்கெடுக்கும் நிறுவனம் ஒன்றின் இயந்திரம் அனுப்பியது. "வாழ்த்துகள், பெரியண்ணன்! உங்கள் கட்டுரையை மேலும் ஒருவர் மேற்கோள் காட்டியிருக்கிறார்."

பெரியண்ணன் என் அப்பா. கொல்லிமலையில் திருப்புலி நாடு என்னும் பகுதியில் இருக்கிறார். ஐந்தாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் போகாதவர். அந்த வாழ்த்து வந்த நேரத்தில் அவர் சில்வர் ஓக் மரத்தில் ஏணியைச் சாத்தி மிளகு பறித்துக்கொண்டிருந்திருப்பார். எலியின் முதுகுத்தண்டு வழியாக அரிப்பு உணர்வைக் கொண்டுபோகும் நரம்புகளைப் பற்றி அவர் ஒரு வரிகூட எழுதியதில்லை. எழுதியது நான். என் பெயர் செல்வி.

என்ன நடந்திருக்கும் என்று உங்களுக்கு இந்நேரம் புரிந்திருக்கும். அதுதான் எனக்கு வயிற்றெரிச்சல். உங்களுக்கு ஒரு நிமிடத்தில் புரிவதை இங்கே படித்த மேதாவிகளுக்கு இத்தனை வருடமாக என்னால் புரியவைக்க முடியவில்லை.

பெரியண்ணனின் மகள் செல்வி என்றால் நமக்குப் பெ. செல்வி. ஆங்கிலத்தில் பி. செல்வி. அப்பா ஒற்றை எழுத்தாகச் சுருங்கி, ஒரு புள்ளியும் வைத்துக்கொண்டு முன்னால் நிற்பார். பெண் முழுசாகப் பின்னால் வருவாள். இங்கே அப்படியே தலைகீழ். குடும்பப் பெயர்தான் ஆள். சொந்தப் பெயர் சும்மா ஒட்டுக்கு. அதனால் அப்பா முழுசாக நிற்கிறார், நான் ஒரு எழுத்தாகிவிட்டேன். 'பெரியண்ணன், எஸ்.' அந்த எஸ் நான்தான். மாநாடுகளில் "பெரியண்ணன் காட்டியதுபோல" என்று யாராவது பேசும்போது, அப்பா வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு எதையோ கை நீட்டிக் காட்டுவதுதான் எனக்குத் தெரியும். முதல் சில வருடங்கள் சிரித்துக்கொண்டிருந்தேன். இப்போது சிரிப்பு வருவதில்லை.

2

இதற்கெல்லாம் ஆரம்பம் சேந்தமங்கலத்தில் ஜாபர் அண்ணனின் டிராவல்ஸ் கடை. டிக்கெட், ஜெராக்ஸ், பாஸ்போர்ட் என்று மலைக்காரர்கள் எல்லோருக்கும் அவர்தான். எனக்கான விண்ணப்பத்தை அவரே கம்ப்யூட்டரில் அடித்துக்கொண்டிருந்தவர் பாதியில் நிறுத்தினார்.

"சர்நேம்னு ஒண்ணு கேக்குது கண்ணு. என்ன போடறது?"

"அப்படி ஒண்ணும் இல்லீங்கண்ணா. முன்னால பி மட்டுந்தானுங்க."

"வெறும் பி-யெல்லாம் ஆகாது. அந்த எடம் காலியா இருந்தா ஏர்போர்ட்டுலயே ஓரமா நிக்க வெச்சிருவாங்க. எம் மச்சானை அப்படித்தான் நிக்க வெச்சானுங்க. அப்பா பேரையே போட்டுருவோம். அப்பா கூடவே வாராப்பல இருக்கும்."

அவர் மேல் எனக்குக் கோபமில்லை. அன்றைக்கு அது நல்ல யோசனையாகத்தான் பட்டது. அப்பா கூடவே வந்தார். வந்தவர் என்னைத் தள்ளிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொள்வார் என்று எங்கள் இரண்டு பேருக்குமே தெரியாது.

மகள் மதி இங்கே பிறந்தபோது அது இன்னொரு படி மேலே போனது. குழந்தைக்குக் குடும்பப் பெயர் வேண்டும் என்றார்கள். என் பாஸ்போர்ட்டில் என் அப்பா பெயர், கணவர் பாஸ்போர்ட்டில் அவர் அப்பா பெயர். இரண்டில் ஒன்றைச் சொல்லுங்கள் என்று பதிவு அலுவலகத்தில் ஒரு அம்மாள் பேனாவோடு காத்திருந்தார். கணவர் குமரேசன், "உங்கப்பா பேரே இருக்கட்டும், கேக்க கம்பீரமா இருக்கு" என்றார். அப்படி என் மகள் மதி பெரியண்ணன் ஆனாள். இப்போது பத்தாவது படிக்கிறாள். தமிழ் புரியும், பேசச் சொன்னால் ஜெர்மனில் யோசித்து, பொறுக்கிப் பொறுக்கிப் பேசுவாள். ஒருநாள் போனில் அவள் என் அப்பாவிடம், "அப்புச்சி, உங்க பேரும் பெரியண்ணனா? எங்களை மாதிரியேவா?" என்று கேட்டாள்.

அந்தப் பக்கம் அப்பா விழுந்து விழுந்து சிரித்தார். "ஆமாஞ்சாமி. நானும் உங்க ஊட்டு ஆளுதான்."

3

என் வேலை அரிப்பு. உடம்பில் ஏன் அரிக்கிறது, சொறிந்தால் ஏன் நிற்கிறது, சிலருக்கு ஏன் நிற்பதே இல்லை என்பதை நரம்பு நரம்பாகத் தேடுவது. "சொறியறதுக்கா இத்தன வருசம் படிச்ச?" என்று என் அண்ணன் ஊருக்கு முன்னால் கேட்டு எல்லோரையும் சிரிக்க வைத்தான். சிறுநீரகம் கெட்டுப்போனவர்கள் இரவெல்லாம் தூங்காமல் தோல் கிழியச் சொறிந்துகொள்வதைப் பார்த்தவர்கள் சிரிக்கமாட்டார்கள்.

எங்கள் வேலியோரம் பூனைக்காலிக் கொடி தானாகப் படர்ந்து கிடக்கும். காயின் மேல் பொன்னிறச் சுணை. தொட்டால் போச்சு, அரித்துத் தள்ளிவிடும். பள்ளிக்கூடத்தில் பையன்கள் அதைப் பெஞ்சில் தடவி வைத்து யாரையாவது அழவிடுவார்கள். அடிவாரத்தில் கல்லூரியில் படித்தபோது, அந்தச் சுணை எந்த நரம்பை எழுப்புகிறது என்று நானும் என் பேராசிரியரும் பார்த்தோம். துணியைக் கையில் சுற்றிக்கொண்டு காய் பறித்ததும் நான், அப்படியும் விரல் வீங்கிப் படுத்துக் கிடந்ததும் நான். கட்டுரை வந்தது. முதலில் பி. செல்வி, அடுத்து அவர் பெயர். எங்கள் இருவரைத் தவிர யாரும் படிக்கமாட்டார்கள் என்றுதான் நினைத்தோம். ஆனால் படித்தார்கள். வருடா வருடம் உலகத்தில் எங்கெங்கோ இருப்பவர்கள் அதை மேற்கோள் காட்டினார்கள். நான் பிறகு எழுதிய எதற்கும் அந்த வரவேற்பு கிடைத்ததில்லை.

மேற்கோள் என்றால், என் கட்டுரையை இன்னொருவர் தன் கட்டுரையின் கடைசியில் 'இதையும் பார்த்தேன்' என்று குறிப்பது. அதைக் கூட்டிக் கழித்து ஆளுக்கு ஒரு எண் போட்டுவிடுவார்கள். எச்-இன்டெக்ஸ் என்று அதற்குப் பெயர். வேலை, பதவி, ஆய்வுக்குப் பணம் எல்லாம் அந்த எண்ணைப் பார்த்துத்தான். கட்டுரையில் யார் பெயர் முதலில், யார் பெயர் கடைசியில் என்பதற்கு நம் கல்யாணப் பத்திரிகையில் நடக்கிற சண்டையெல்லாம் இங்கேயும் நடக்கும். பெரியப்பா பெயரை விட்டுவிட்டால் அவர் கல்யாணத்துக்கு வரமாட்டார். இங்கே பேராசிரியர் ஆய்வகச் சாவியைத் தரமாட்டார், அவ்வளவுதான் வித்தியாசம். ஆனால் பெயர் போட்ட பிறகும் அது நான் இல்லை என்று சொல்கிற கொடுமையை எந்தக் கல்யாணத்திலும் நான் பார்த்ததில்லை.

4

இந்த நாட்டில் ஆராய்ச்சியாளரைக் குறிப்பிட்ட வருடங்களுக்கு மேல் தற்காலிகமாக வைத்திருக்கக் கூடாது. நிரந்தரமாக்க வேண்டும், இல்லையென்றால் அனுப்ப வேண்டும். எனக்கு அந்தக் கெடு நெருங்கிவிட்டது. அனுப்பினால் விசா போகும், கணவரின் விசா என்னுடையதைப் பிடித்துக்கொண்டு நிற்பது, மதியின் படிப்பு நடுவில் நிற்கும். அந்த வாழ்த்து வந்த சில நாட்களில் நிரந்தரமாக்குவதா என்று முடிவெடுக்கும் குழுவின் முன் என்னைக் கூப்பிட்டார்கள்.

குழுத் தலைவர் எங்கள் துறையில் பெரிய மனிதர். என் கட்டுரைகளின் பட்டியலைப் புரட்டிவிட்டு, "ரொம்பத் தாமதமாகத் தொடங்கியிருக்கிறீர்களே" என்றார். எண்ணும் கொஞ்சம் குறைவாக இருக்கிறதாம். இதற்கு முன்னால் ஒரு கட்டுரை இருக்கிறது, பூனைக்காலி பற்றியது, பி. செல்வி என்ற பெயரில் வந்தது என்றேன்.

அவர் முகம் மலர்ந்தது. "ஓ, செல்வியா! படித்திருக்கிறீர்களா? அரிப்பைப் பற்றிப் பேசுகிற யாரும் அதைத் தாண்டிப் போக முடியாது. நானே அதை மேற்கோள் காட்டியிருக்கிறேன்."

"படித்திருக்கிறேன். எழுதியதே நான்தான்."

நல்ல நகைச்சுவை என்று நினைத்துச் சிரித்தார். நான் சிரிக்காததைப் பார்த்து நிறுத்தினார். பெயரின் ஓசையை வைத்து, செல்வி என்பவர் ஓர் இத்தாலிய ஆண் என்று இத்தனை காலமாக நினைத்திருந்தாராம்.

இன்னொரு உறுப்பினர் கண்ணாடியை ஏற்றிக்கொண்டு, "நடுவில் சோளத்தட்டையை மாட்டுத் தீவனமாக்குவது பற்றியும் எழுதியிருக்கிறீர்கள். ஏன் துறை மாறினீர்கள்?" என்றார். அது வேறு பெரியண்ணன். நாமக்கல் பக்கம் ஊருக்கு நாலு பெரியண்ணன் இருப்பார்கள், அதில் யாரோ ஒரு புண்ணியவான் கால்நடை ஆராய்ச்சி செய்திருக்கிறார். இயந்திரம் அவர் கட்டுரைகளைக் கொண்டுவந்து என் தலையில் கட்டிவிட்டது. நான் எழுதியது என்னுடையது இல்லை. நான் கண்ணால் பார்க்காத சோளத்தட்டை என்னுடையது. அந்த அறையில் இருந்தவர்கள் மூளை ஒரு முகத்தை எப்படி அடையாளம் காண்கிறது என்று புத்தகம் எழுதியவர்கள். எதிரே உட்கார்ந்திருந்தவளை அவர்களுக்கு அடையாளம் தெரியவில்லை.

ஆராய்ச்சியாளர்களின் விவரங்களைக் கவனிக்கும் அலுவலகத்திலிருந்து வந்த பிரிகிட்டே, கட்டுரை என்னுடையதென்று காட்டக் கணினி சொல்லும் வழிகளைச் சொன்னாள். அந்தக் கட்டுரையில் உள்ள மின்னஞ்சலுக்கு ஒரு குறியீட்டு எண் வரும், அதைத் திருப்பி அனுப்பினால் போதும். அது கல்லூரியின் பழைய முகவரி, செத்துப் பல வருடம் ஆகிறது. சரி, கூட எழுதியவர் சாட்சி சொல்லலாம். அவரும் போய்ச் சேர்ந்துவிட்டார்.

எனக்குத் தலைக்கு ஏறிவிட்டது. நிரூபிக்கிறேன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஜெர்மனில் நிரூபிப்பதற்கும் ஒன்றை நினைத்து அழுவதற்கும் ஒரே ஓர் எழுத்துதான் வித்தியாசம். கோபத்தில் அந்த எழுத்து மாறிவிட்டது. "இதை நினைத்து நான் அழுவேன்!" என்று குழுவின் முன் மேஜையைத் தட்டி அறிவித்தேன். பிரிகிட்டே எழுந்து வந்து எனக்குத் தண்ணீர் ஊற்றிக் கொடுத்தாள்.

கடைசியில் அவளே ஒரு வழி சொன்னாள். இரண்டு பெயரும் ஒரே ஆள் என்று பிறந்த ஊரிலிருந்து அரசாங்கக் காகிதம் ஒன்று கொண்டுவந்தால் போதும். அதற்கு எங்கள் ஊரில் 'ஒரே நபர் சான்று' என்று பெயரே உண்டு என்றேன். சொல்லும்போது கொஞ்சம் பெருமையாகக்கூட இருந்தது.

5

ஒரு வார விடுப்பில் கிளம்பினேன். கொண்டை ஊசி வளைவுகளில் பஸ் ஏறும்போது குச்சிக்கிழங்கு ஏற்றிய லாரிகள் இறங்கிக்கொண்டிருந்தன. மறுநாளே அப்பாவைக் கூட்டிக்கொண்டு ஆபீஸுக்குப் போனேன். எந்த ஆபீஸ் என்று சொல்லமாட்டேன். அப்பா நாளைக்கும் அங்கே போய் நிற்க வேண்டும்.

மேஜைக்குப் பின்னால் இருந்த அதிகாரி என்னைவிட வயதில் சின்னப் பெண். பொறுமையாகத்தான் கேட்டார்.

"பி. செல்வி நீங்கதான், ஒத்துக்கறேனுங்க. ஸ்கூல் சர்டிபிகேட்டு இருக்குது. இந்த எஸ். பெரியண்ணன் யாருங்க?"

"அதுவும் நான்தானுங்க மேடம். அங்க அப்படித்தான் எழுதுவாங்க."

அவர் என்னை விட்டுவிட்டு அப்பா பக்கம் திரும்பினார். "ஐயா, உங்க பேரு என்னங்க?"

"பெரியண்ணனுங்க."

"உங்கப்பா பேரு?"

"சடையனுங்க."

"அப்ப எஸ். பெரியண்ணன் நீங்கதானுங்களே?"

"ஆமாங்க. ரேசன் கார்டுல அப்படித்தானுங்க போட்டிருக்குது."

அதிகாரி பேனாவைக் கீழே வைத்தார். "பாருங்க மேடம். அவரு உசுரோட முன்னால உக்காந்திருக்காரு. அவரும் நீங்களும் ஒரே ஆளுன்னு நான் எப்படிங்க எழுதிக் குடுக்கறது?"

இத்தனை வருடத்தில் இது எனக்குத் தோன்றவே இல்லை. ஜெர்மனியில் எஸ் என்றால் செல்வி. மலையில் எஸ் என்றால் சடையன். நம் வழக்கப்படி எஸ். பெரியண்ணன் என்ற பெயருக்கு உரியவர் ஒருவர்தான். அவர் எனக்குப் பக்கத்தில் மஞ்சப்பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். அந்த அதிகாரி சொன்னது சரி. அவர் சரியாகச் சொன்னதுதான் எனக்கு இன்னும் ஆத்திரம். அங்கே போனால் நான் செல்வி இல்லை, இங்கே வந்தால் நான் பெரியண்ணன் இல்லை. பிறகு நான் யார்? பாஸ்போர்ட்டைக் காட்டினேன், கட்டுரைகளைக் காட்டினேன், குரலை உயர்த்தினேன். கெஜட்டில் பெயரை மாற்றிக்கொண்டு வாருங்கள் என்றார். அதற்குள் என் கெடு முடிந்துவிடும்.

அப்பா தொண்டையைக் கனைத்தார். "ஏனுங்க அம்மிணி, ஒண்ணு பண்ணலாங்களா? என்ற பேரைப் புள்ளைக்கே மாத்திக் குடுத்துருங்க. காடு தோட்டத்துக்கெல்லாம் பேர் மாத்தறீங்கல்ல, அந்த மாதிரி. எனக்கு இனிமே எதுக்குங்க பேரு?"

"பேருக்கெல்லாம் பட்டா இல்லீங்க ஐயா" என்றார் அதிகாரி. வரிசையில் நின்றவர்கள் சிரித்தார்கள். அப்பாவும் கூடச் சேர்ந்து சிரித்தார்.

வெளியே பேக்கரியில் டீ குடிக்கும்போது அவர் மறுபடி ஆரம்பித்தார். "காடு உன்ற அண்ணனுக்குன்னு எழுதியாச்சு. பேரையாச்சும் நீ வெச்சுக்க கண்ணு."

அவர் அன்பாகத்தான் சொன்னார். எனக்கு அதுதான் தாங்கவில்லை.

"பேரு வேண்டாங்கப்பா. அதை வெச்சுட்டுத்தான் அங்க சீரழியறேன். குடுக்கறதா இருந்தா காட்டுல பங்கு குடுங்க."

"இது கேக்கற நேரமா சாமி?"

"எப்பக் கேக்கறதுங்க? எழுதும்போது எனக்கு ஒரு போன் பண்ணுனீங்களா?"

அப்பா எழுந்து போய் டீக்குக் காசு கொடுத்தார். பையனுக்குக் காடு, பெண்ணுக்குப் பெயர் என்று யார் பிரித்து வைத்தார்களோ தெரியாது. காடு விளைச்சலைக் கொடுக்கிறது. பெயர் நான் விளைவித்ததையும் தின்றுவிடுகிறது. அன்று அப்படிக் கேட்டதற்கு எனக்கு வருத்தமில்லை. இன்னும் முன்னாலேயே கேட்டிருக்க வேண்டும் என்பதுதான் வருத்தம்.

6

வெறுங்கையோடு திரும்பினேன். பிரிகிட்டே என் கதையை முழுதும் கேட்டு, உண்மையாகவே வருத்தப்பட்டாள். பிறகு, எல்லோருக்கும் சுலபமாக இருக்கட்டும் என்று, ஒரு காகிதத்தை என் பக்கம் நகர்த்தினாள். அதில் ஒரே ஒரு வாக்கியம். 'பி. செல்வி என்பவரின் கட்டுரைக்கு நான் உரிமை கோரவில்லை.' அதில் கையெழுத்துப் போட்டால் என் பட்டியல் சுத்தமாகிவிடும், சோளத்தட்டையையும் அவர்களே நீக்கிவிடுவார்கள், மிச்சமிருக்கும் கட்டுரைகளுக்கு எண் எட்டியும் எட்டாமலும் வரும், குழு கண்டுகொள்ளாமல் விட்டுவிடும். தலைவரே சொல்லிவிட்டாராம்.

வீட்டில் குமரேசன், "உன் இஷ்டம்" என்றார். அவர் அப்படிச் சொன்னால் போடு என்று அர்த்தம். மதி நேராகவே சொன்னாள். "போட்டுடும்மா. ஒரு கையெழுத்துதானே? என் ஃபிரண்ட்ஸ் எல்லாம் இங்கதான் இருக்காங்க." அவள் கேட்டதில் தப்பில்லை. இரண்டு நாள் அந்தக் காகிதம் சாப்பாட்டு மேஜையில் கிடந்தது. போட்டுவிடலாம் என்று பேனாவைக்கூட எடுத்தேன்.

முடியவில்லை. ஒரு பெண்ணைப் பார்த்து, நீ யாரென்று எனக்குத் தெரியாது என்று எழுதித் தருவது எப்படி? அதுவும் அந்தப் பெண் நானாக இருக்கும்போது?

குழு மறுபடி கூடியது. கையெழுத்தில்லாத காகிதத்தைத் தலைவர் முன் வைத்தேன். "பெரியண்ணன் என் அப்பா. இந்த வேலை அவருக்கென்றால் அவரைக் கூப்பிடுங்கள். வரமாட்டார், களத்தில் மிளகு காய்ந்துகொண்டிருக்கிறது. எனக்கென்றால், செல்வி எழுதியதெல்லாம் என்னுடையது. அதை விட்டுவிட்டு எனக்கு ஒன்றும் வேண்டாம்." இந்தத் தடவை என் ஜெர்மனில் ஓர் எழுத்தும் தவறவில்லை. யாரும் தண்ணீர் கொடுக்கவுமில்லை.

நிரந்தரம் கிடைக்கவில்லை. சட்டத்தில் ஏதோ ஓர் உட்பிரிவைத் தோண்டியெடுத்து, ஆள் யார் என்று தெளிவாகும்வரை ஒரு வருடம் நீட்டித்திருக்கிறார்கள். அந்தக் கடிதமும் 'மதிப்பிற்குரிய திரு. பெரியண்ணன்' என்றுதான் தொடங்கியது. தலைவர் என்னைத் தாழ்வாரத்தில் பார்த்து, "ஆனால் அது உண்மையிலேயே அருமையான கட்டுரை" என்றார், ஆறுதல் சொல்கிறாராம்.

மதி என்னோடு ஒரு வாரம் பேசவில்லை.

போன சனிக்கிழமை புதிய கட்டுரையை ஒரு சஞ்சிகைக்கு அனுப்ப உட்கார்ந்தேன். ஆசிரியரின் குடும்பப் பெயர் என்று ஒரு கட்டம், சொந்தப் பெயர் என்று ஒரு கட்டம். முதல் கட்டத்தில் செல்வி என்று அடித்தேன். இரண்டாவதிலும் செல்வி என்றே அடித்தேன். குமரேசன் எட்டிப் பார்த்து, "இன்னொரு புதுப் பேரா? உன் எண் இன்னும் சிதறிப் போகுமே" என்றார். சிதறட்டும் என்றேன்.

தண்ணீர் குடிக்க வந்த மதியும் அவர் தோளுக்குப் பின்னால் நின்று திரையைப் பார்த்தாள். ஒரு வாரத்துக்குப் பிறகு அன்றுதான் வாயைத் திறந்தாள்.

"அம்மா, தப்பா இருக்கு. செல்வி ரெண்டு வாட்டி வந்திருக்கு. ஒண்ணை அழி."

"தப்பு இல்ல கண்ணு. செல்வி வேற, நான் வேறன்னுதானே அவங்க சொல்றாங்க? ரெண்டு பேருமே நான்தான்" என்று சொல்லிவிட்டு, அனுப்பு என்ற பொத்தானை அழுத்தினேன்.